தொப்பிக்குள் போன கவுதாரி

“அக்-தொபோ பக்கம் வேட்டைக்குப் போறவனுக்குத் துப்பாக்கி எதுக்குங்கறேன்? ரோட்டோரமா நின்னு ஒரு கொட்டாவி விட்டாப் போதும். வாயை மூடறதுக்குள்ள வெந்த கறி உள்ள போயிருக்கும். அந்தக் காலத்துல ஒரே ஒரு தடவை அங்க லாரி ஓட்டிட்டுப் போனேன். போகும்போது காலி லாரி, வரும்போதும் காலி லாரி. ஆனா திரும்பறப்போ என் ஒருத்தன் கனத்துக்கே பின் டயர் ரெண்டும் வெடிச்சுது.”

எஸ்தெபெஸ் இதைத் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சொன்னார். கேட்டவர்கள் இரண்டே பேர். மனைவி பாத்மா அடுப்பைக் கிளறிக்கொண்டே, “டயர் போன தடவை ஒண்ணுதானே வெடிச்சுது?” என்றாள். சம்பந்தி கதிர்குல் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

கதிர்குல் ஓய்வு பெறும்வரை சந்தைகளில் தராசு சோதிக்கும் அதிகாரியாக இருந்தவர். எடைக்கல்லுக்கு அடியில் குடைந்த ஓட்டை, தட்டுக்குக் கீழே ஒட்டிய மெழுகு, தட்டோரத்தில் சும்மா வைத்ததுபோல் வைத்த கட்டைவிரல், எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து மனித குலத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. சூரியன் உதித்தால்கூட அது முழுசா உதித்ததா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

“சம்பந்தி, ஏமாத்துற தராசு எத்தனையோ பாத்திருக்கேன். உங்க நாக்கு மாதிரி ஒண்ணைப் பாத்ததில்ல,” என்றார்.

வேறு நாளாக இருந்தால் எஸ்தெபெஸ் இதற்குப் பதிலடி கொடுத்திருப்பார். அன்று கொடுக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் அனார்கான் மறுபடி வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

அனார்கான் கதிர்குலின் ஒரே மகள். எஸ்தெபெஸ் வீட்டு மருமகள். புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். மசக்கை எல்லாருக்கும் வருவதுதான், ஆனால் இவளுக்கு வந்தது மசக்கையாக இல்லை, ஒரு படையெடுப்பாக இருந்தது. சோறு, ரொட்டி, தயிர் எதுவும் தங்கவில்லை. கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு வந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் வயிற்றில் ஏதாவது தங்கவில்லையென்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லதில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். முந்தின ராத்திரிதான் அனார்கான் முதல்முறையாக வாய் திறந்து ஒன்று கேட்டாள். மலைக்கவுதாரி ரசம். பிறந்ததிலிருந்து அதைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. மசக்கைக்கு அதெல்லாம் தெரியுமா?

“அக்-தொபோ மலையில கவுதாரி இருக்குதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க,” என்றார் கதிர்குல்.

“இருக்குதாவா! மேய்ச்சலுக்குப் போன மாடு காலை ஊன்ற இடம் இல்லாம திரும்பி வருது!”

“இருக்குதுன்னு எடுத்துக்கறேன். கிளம்புங்க.”

பாத்மா வாசல்வரை வந்து இருவரையும் நிறுத்தினாள். “எதுக்கு வேட்டைன்னு அங்க யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. இன்னும் வயிறே தெரியல. வெளியூர்க் கண்ணு பட்டா என்ன ஆகும்? உங்களுக்குத்தான் சொல்றேன்,” என்று புருஷனைப் பார்த்தாள். “வாயில பூட்டு.”

எஸ்தெபெஸ் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தார். தன் வாழ்நாளில் அதைவிடக் கஷ்டமான சத்தியம் செய்ததில்லை என்பது அவருக்கு அடுத்த நாளே தெரிந்தது.

பழைய நிவா கார், இரட்டைக்குழல் துப்பாக்கி, அனுமதிச் சீட்டு, ஆளுக்கொரு உரோமத் தொப்பி. விடிந்த கொஞ்ச நேரத்தில் அக்-தொபோவை எட்டிவிட்டார்கள். மொத்தமே ஒரு தெரு. தெரு முடிந்ததும் மலை. நல்ல காலுள்ளவன் ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் கடந்துவிடலாம். சம்பந்திகள் இருவருக்கும் அந்தத் தெருவைக் கடக்க ஒரு முழு நாள் ஆனது.

முதல் வீட்டு வாசலில் நின்றது சாய்ராகான். ஆறடிப் பெண்பிள்ளை. குரலைக் கேட்டால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஆடு திரும்பிப் பார்க்கும். காரின் முன்னால் வந்து நின்று மூக்கைத் தட்டினாள், காரின் மூக்கை.

“வேட்டைக்கா அண்ணே? எந்த ஊரு? சரி, எந்த ஊரா இருந்தா என்ன. ரொட்டியில வாய் வைக்காம என் வாசலைத் தாண்டினா நாளைக்கு எங்க மலை என்னை மதிக்குமா? இறங்குங்க!”

“ரொட்டி மட்டும்னா சரி,” என்றார் கதிர்குல்.

“ரொட்டி மட்டும்தான்,” என்றாள் சாய்ராகான். அந்த ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளப் பாலாடை வந்தது, வெண்ணெய் வந்தது, பிறகு ஒரு ஆடு முழுசாக வந்தது. எழுந்து வெளியே வந்தால் அடுத்த வீட்டுக்காரன் வேலியில் சாய்ந்து காத்திருக்கிறான். “அவ வீட்டுல கை நனைச்சீங்க, என் வீட்டை விட்டுட்டா நான் ஊருல எப்படித் தலை நிமிர்றது?” அதற்கடுத்தவன் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி நின்றான், அவனைச் சமாதானப்படுத்தவே ஒரு தொடைக்கறி சாப்பிட வேண்டியதாயிற்று. நாலாவது வீட்டில் சம்பந்திகளுக்காகக் குதிரைகளுக்குச் சேணம் போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் சாப்பிட்டு எழுந்த எஸ்தெபெஸை ஏற்றிவிட மூன்று பேர் கீழிருந்து தள்ள, குதிரை கழுத்தைத் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், வாய் மட்டும் இருந்திருந்தால் மனு கொடுத்திருக்கும்.

யாரோ துப்பாக்கியைப் பிடுங்கிக் கொண்டுபோய் எண்ணெய் போட்டுக் கொண்டுவந்தார்கள். யாரோ தோட்டாக்களை அடுப்போரத்தில் வைத்து ஈரம் போக்கினார்கள், நல்லவேளை, வெடிக்கவில்லை. இருட்டிவிட்டதால் மம்பெதாலி வீட்டில் படுக்கை. ஊரிலேயே கெட்டிக்கார வேட்டைக்காரன் அவன்தான். காலையில் எழுந்து பார்த்தால் கதிர்குலின் காலுறைகளைக் காணோம். அவன் மனைவி துவைத்து, காயவைத்து, கிழிசலையும் தைத்து வைத்திருந்தாள்.

“என்ன எதிர்பாத்து செய்யறாங்க?” என்று கதிர்குல் காதோரம் கேட்டார்.

“ஒண்ணும் இல்ல சம்பந்தி.”

“ஒண்ணும் இல்லாம ஒருத்தன் அடுத்தவன் காலுறையைத் தைப்பானா?”

சந்தேகம் ஒரு பக்கம். ஆனால் எஸ்தெபெஸ் இன்னொன்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வீட்டுக்கு வீடு எலும்பை உறிஞ்சும் சத்தத்தில் ஊரே அதிர்ந்தபோது, சம்பந்தி மட்டும் கறித்துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் தட்டிலேயே வைத்துவிடுவார். மகள் பட்டினி கிடக்க அப்பன் தொண்டையில் எப்படி இறங்கும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊருக்கே புரிந்திருக்கும். எஸ்தெபெஸுக்கு நாக்கு நுனிவரை வந்தது. பாத்மா முகம் நினைவுக்கு வந்தது. விழுங்கிவிட்டார், அன்றைக்கு விழுங்கியதிலேயே கனமானது அதுதான்.

அந்தக் காலையிலேயே ஒருவழியாக மலையேறினார்கள். உச்சிப் பாறையில்தான் கைப்பேசி வேலை செய்யும் என்று சொல்லியிருந்தார்கள். கதிர்குல் அங்கே நின்று வீட்டுக்குப் பேசிவிட்டு இறங்கினார்.

“என்னவாம்?”

“தண்ணிகூட தங்கலியாம்.”

கவுதாரிகள் இருந்தன. கூட்டம் கூட்டமாக இருந்தன. ஆனால் அக்-தொபோ கவுதாரி சாதாரணக் கவுதாரி இல்லை. பறக்காது, பாறைமேல் ஏறி ஓடும், நின்று திரும்பிப் பார்க்கும், நம் வயிற்றைப் பார்த்துவிட்டு மறுபடி ஓடும். எஸ்தெபெஸ் சுட்ட தோட்டாக்களை மலை முழுக்கப் பெருக்கி அள்ளினால் ஒரு அண்டா தேறும். பொழுது சாயும் நேரத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று சுட்டார். பாறைமேல் இருந்து ஒரு கவுதாரி உருண்டு வந்து கதிர்குலின் காலடியில் விழுந்தது.

“பாத்தீங்களா! குறி பாத்து அடிச்சேன்!”

“கண்ணு மூடியிருந்துது.”

“மூடினாத்தான் எனக்குக் குறி சுத்தமா தெரியும்.”

அறுக்க வேண்டும் என்று இடுப்பைத் தடவினால் கத்தி இல்லை. மம்பெதாலி வீட்டில் ஆட்டுத்தலைக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பனிமூட்டம் கீழே இறங்கத் தொடங்கியது. கதிர்குல் பறவையை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். சூடாக இருந்தது. ஒரு கிண்ணம் ரசத்துக்குத் தேறும்.

“கிளம்புங்க. நேரா காருக்கு. ராத்திரியோட ராத்திரியா வீட்டுக்கு.”

“அது முடியாதே சம்பந்தி,” என்றார் எஸ்தெபெஸ் தயங்கி. “கார் நிக்கறது சாய்ராகான் வாசல்ல. வேட்டையிலேர்ந்து இறங்கறவனை எதிர்ல பாத்தா அவ ‘ஷிரால்கா’ம்பா. கேட்டுட்டாப் பங்கு குடுத்துத்தான் ஆகணும். ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னா அந்த ஒண்ணை.”

“குடுக்கலேன்னா?”

“துப்பாக்கி கட்டுப்பட்டுப் போகும். அதுக்கப்புறம் கொசுவைக்கூட சுட முடியாது.”

ஊரார் தராசையெல்லாம் சோதித்தவர், ஒருநாளும் கட்டைவிரலை வைக்காதவர், அந்தக் கதிர்குல் அன்று தன் உரோமத் தொப்பியைக் கழற்றினார். கவுதாரியை உள்ளே வைத்தார். திரும்பத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். “கண்டாத்தானே கேப்பா,” என்றார்.

சாய்ராகான் வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். முகமெல்லாம் பல்.

“ஷிரால்கா அண்ணே, ஷிரால்கா!”

“ஒண்ணும் கிடைக்கலம்மா,” என்றார் கதிர்குல். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் கீச்சென்று வந்தது.

அந்த வார்த்தை என்ன வேலை செய்தது என்கிறீர்கள்! சாய்ராகானின் முகம் செத்த வீட்டு முகமாகிவிட்டது. கன்னத்தில் அடித்துக்கொண்டாள். “விருந்தாளி வெறுங்கையோட இறங்கறதா? எங்க மலையிலேர்ந்தா? அடே மம்பெதாலி! எல்லாரும் வாங்கடா! நம்ம மானம் போச்சு!” தெருவே ஓடி வந்தது. துக்கம் விசாரிக்கிற மாதிரி ஒவ்வொருவரும் சம்பந்திகளின் கையைப் பிடித்தார்கள். இருவரையும் உள்ளே இழுத்துக் கொண்டுபோய் நடுநாயகமாக உட்காரவைத்து, ஆறுதலுக்கு இன்னொரு ஆடு. ஆட்டுத்தலையை மரியாதையோடு கதிர்குலின் முன்னால் வைத்தார்கள்.

கதகதப்பான வீடு, அடுப்பு எரிகிறது, தலைமேல் உரோமத் தொப்பி. உள்ளே இருந்தவருக்கு உயிர் திரும்பியது.

முதலில் பார்த்தது மம்பெதாலிதான். “பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. உங்க தொப்பி மூச்சு விடுது.”

“குளிரு,” என்றார் கதிர்குல், வியர்த்துக்கொண்டே.

“கக்-கக்-கக்,” என்றது தொப்பி.

“அது என் வயிறு.”

“உங்களுக்கு வயிறு மேல இருக்கா அண்ணே?” என்றாள் சாய்ராகான்.

அவ்வளவுதான். தொப்பி ஒரு பக்கம் சாய்ந்தது. கவுதாரி வெளியே வந்து, சாய்ராகானின் தோள்மேல் இறங்கி, பாலாடைக் கிண்ணத்தில் குளித்து, ஆட்டுத்தலைமேல் ஏறி நின்று சபையை ஒருமுறை பார்த்துவிட்டு, திறந்திருந்த கதவு வழியாக மலைக்குப் போய்விட்டது. கதிர்குலின் வழுக்கைத் தலையில் ஒரே ஒரு இறகு மிச்சம்.

விருந்தாளி பொய் சொன்னதை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவர்களுக்கே தெரியவில்லை. எஸ்தெபெஸுக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது. பிளந்தாலும் இந்த வயிற்றோடு உள்ளே போக முடியாது என்பதும் தெரிந்தது. சத்தியமாவது ஒன்றாவது, சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

“என் மகளுக்கு,” என்றார் கதிர்குல். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “மசக்கை. எதுவுமே தங்க மாட்டேங்குது. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுவாங்க. கவுதாரி ரசம்னு கேட்டா. ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுது. அதான் மறைச்சேன். மன்னிச்சுக்கங்க.”

சாய்ராகான் எழுந்தாள். ஆறடியும் எழுந்தது. அடிக்கத்தான் வருகிறாள் என்று எஸ்தெபெஸ் கண்ணை மூடிக்கொண்டார். அவள் மூன்று பக்கமும் தூ தூ என்று துப்பி, அடுப்பில் மலைச்சவுக்குக் கொத்தைக் கொளுத்தி, அந்தப் புகையைக் கதிர்குலின் வழுக்கையைச் சுற்றிக் காட்டினாள். கண்ணேறு கழிந்தது. அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“ஏன்யா, புத்தி இருக்கா உனக்கு? மசக்கைக்காரி கேட்டதுன்னு வாசல்ல சொல்லியிருந்தா நான் பங்கா கேட்டிருப்பேன்? என் வீட்டுக் கூரையைப் பிரிச்சுக் குடுத்திருப்பேன்! மசக்கைக்குப் போற கறியில பங்கு கேக்கறவ பொம்பளையா? அது நாங்க உனக்குக் குடுக்க வேண்டிய ஷிரால்கா! பட்டினி கிடக்கற பொண்ணை வச்சுக்கிட்டு ரெண்டு நாளா எங்ககூட உக்காந்து…” கதிர்குலின் தட்டைப் பார்த்தாள். “அதான் இந்த மனுஷன் தட்டுல வச்சதெல்லாம் அப்படியே கிடந்துதா? நான் என் சமையல்லதான் குறைன்னு ராத்திரி பூரா தூங்கல!”

மம்பெதாலி ஏற்கெனவே சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டிருந்தான். “விடியட்டும்,” என்றான். “நீங்க ரெண்டு பேரும் வரக்கூடாது. நீங்க விருந்தாளி. மலையைக் கலைச்சது போதும்.”

விடியும்போது அக்-தொபோவில் ஆணும் பெண்ணுமாக நடக்கத் தெரிந்த அத்தனை பேரும் மலையில் இருந்தார்கள். பெண்கள் தட்டுகளைத் தட்டிக்கொண்டே சரிவில் வரிசையாக ஏற, கவுதாரிகள் மேலே ஓட, மேலே மம்பெதாலி. ஊரில் மிச்சம் இருந்தது இரண்டு விருந்தாளிகளும், அவர்கள் தப்பிவிடாமல் ஊட்டிக்கொண்டிருந்த சாய்ராகானும்தான். அன்றைக்குக் கதிர்குல் சாப்பிட்டார். ஒரு துண்டு, இன்னொரு துண்டு. சாய்ராகான் அதைப் பார்த்து தலைத்துணி நுனியில் மூக்கைச் சிந்தினாள்.

வெயில் ஏறுவதற்குள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஆளுக்கொன்றாகக் கவுதாரிகளைக் கொண்டுவந்து காரின் முன்னால் வைத்தார்கள். பிறகு ஒரு வாளி பாலாடை, உலர்தயிர் உருண்டை ஒரு பை, பின் சீட்டில் உயிரோடு ஒரு செம்மறி. கதிர்குல் நன்றி சொல்ல ஆரம்பித்தார். “நன்றியை எங்ககிட்ட சொல்லாதீங்க, பேரனுக்குச் சொல்லிக் குடுங்க,” என்று மம்பெதாலி கதவைச் சாத்திவிட்டான். “வழியில யாராவது ஷிரால்கா கேட்டா மசக்கைக்குன்னு சொல்லுங்க. மறந்துடாதீங்க.”

திரும்பும் வழியில்தான் விஷயம் கைமீறிப் போனது. முதல் திருப்பத்தில் ஒரு ஆட்டிடையன் கம்பை உயர்த்தி “ஷிரால்கா!” என்றான். கதிர்குல் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை நீட்டி, ஊர் கேட்க, “மசக்கைக்கு!” என்று கத்தினார். இடையன் குதிரையைத் திருப்பிக்கொண்டு ஓடிப்போய் ஒரு தோல்பை நிறைய வெண்ணெயோடு வந்தான். அடுத்த ஊரில் தேன். அதற்கடுத்த ஊரில் ஒரு கிழவர் தர ஒன்றுமில்லையே என்று தவித்து, தன் மேலங்கியைக் கழற்றிப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்று காருக்குள் எறிந்துவிட்டுச் சட்டையோடு நின்றார். எங்கேயாவது யாரும் கேட்காவிட்டால் கதிர்குலே காரை நிறுத்தச் சொல்லி, இறங்கிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வாய்க்குப் பூட்டுப் போட்ட பாத்மா அதைக் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். செம்மறி இப்போது கதிர்குலின் மடியில். கார் தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. எதிரில் வந்த ஆமைகூட வழிவிட்டது.

சனிக்கிழமை அந்தியில் பாத்மா ரசம் வைத்தாள். வீடு முழுக்க அந்த வாசனை. ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். எஸ்தெபெஸ் சுவரோடு சுவராக நின்றார். கதிர்குல் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரு காலத்தில் தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்த அதே உன்னிப்போடு காது கொடுத்தார். கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகும் ஒன்றுமில்லை. வரவேண்டிய அந்தச் சத்தம் வரவே இல்லை.

“அத்தை,” என்றது உள்ளேயிருந்து மெலிந்த குரல். “இன்னும் கொஞ்சம் இருக்கா?”

பாத்மா காலிக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான் நடையில் குவிந்திருந்ததையெல்லாம் சரியாகப் பார்த்தாள். கவுதாரிகள், வாளி, தேன், மேலங்கி. மூலையில் செம்மறி அவள் துடைப்பத்தைத் தின்றுகொண்டிருந்தது.

“இதெல்லாம் எங்கேர்ந்து?”

எஸ்தெபெஸ் சொன்னார். இத்தனை நாள் பூட்டி வைத்திருந்ததையெல்லாம் திறந்துவிட்டுச் சொன்னார். தொப்பி மூச்சுவிட்டதிலிருந்து கிழவர் சட்டையோடு நின்றதுவரை ஒன்று விடாமல் சொன்னார்.

பாத்மா இடுப்பில் கை வைத்தாள். “எந்தச் சந்தையில வாங்கினீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சம்பந்தி பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீங்க சொல்லுங்க. இவரு வாயிலேர்ந்து வர்றதை நீங்க ஒருநாளும் நம்பினதில்ல. இது நடந்துதா?”

கதிர்குல் திரையைப் பார்த்தார். உள்ளே மகள் இரண்டாவது கிண்ணத்துக்காகக் கரண்டியால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“நடந்துது, சம்பந்தியம்மா,” என்றார். “இவரு கொஞ்சம் குறைச்சுத்தான் சொல்றாரு.”